திரும்பும் கம்பி

பெயரில் மட்டும்தான் கப்பல் இருந்தது
கப்பலூரில், இதுவரை.
வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை,
எந்த வகை வண்டி என்று ரசீது போடத் தெரியாத
டோல்கேட்டில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு
என் பட்டறைக்கு வந்தது தூத்துக்குடிப் படகு,
ட்ரெய்லர் மேல், மூக்கைத் தூக்கிக்கொண்டு.
முப்பத்தெட்டு அடி. முப்பத்தொரு வயது.
விலாவில் உரிந்த நீலத்தில் 'ஸ்டெல்லா'.

"கடலோரத்துல ஆளா இல்ல?" என்றேன்.
லெஸ்லி பர்னாந்து சொன்னார்:
"நாலு பேர் பாத்தாச்சு. நாலு பேரும்
அவனவன் வயரைப் போட்டுட்டுப் போயிட்டான்.
பழசை ஒருத்தனும் எடுக்கல."

நான் லாரி எலக்ட்ரீசியன்.
லாரிக்கு உடம்பே எர்த்து.
விளக்குக்கு ஒரு கம்பி போனால் போதும்,
போன கரண்ட் சேசிஸ் வழியாகத்
தானே வீடு திரும்பிவிடும்.
படகில் அது ஆகாது.
ஃபைபர் உடம்பு கடத்தாது;
எஞ்சினை நம்பி விட்டாலோ
உப்புத் தண்ணீரோடு கூட்டுச் சேர்ந்து
புரொப்பெல்லர் பித்தளையைத் தின்றுவிடும்.
போகிற ஒவ்வொரு கம்பிக்கும்
திரும்புகிற கம்பி ஒன்று, கூடவே, கடைசி வரை.

பலகையைத் திறந்தேன்.
நாலு பேரும் உள்ளே குடியிருந்தார்கள்.
ஒருவர் வீட்டு அழைப்புமணி வயர் போட்டவர்.
ஒருவருக்கு எல்லாமே சிவப்பு.
ஒருவர் ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் தாள்.
நான்காமவர் கைசுத்தம், ஆனால் கஞ்சன்:
ஈயம் பூசாத செம்பு. உரித்தால்
முழ நீளத்துக்குப் பச்சைக் களிம்பு,
துலக்காத குத்துவிளக்குத் தண்டு மாதிரி.

அடிவயிற்றில் ஒரு மஞ்சள் வயர்.
அதில் சுற்றிய பிளாஸ்திரித் துண்டில்
பேனா எழுத்து:
"எதுக்குன்னு தெரியல. வெட்டாதே."

வெட்டவில்லை.
இரண்டு நாள் அதன் பின்னால் தவழ்ந்தேன்,
டீசல் டேங்குக்கு அடியில், கக்கூஸுக்குப் பின்னால்.
சுருளி மல்டிமீட்டரோடு
"இங்கன இல்லண்ணே, இங்கனயும் இல்ல."
கட்டில் தலைமாட்டில் முடிந்தது.
ஒரு பஸ்ஸர். வாய் நிறையக் குளவி கட்டிய மண்.
அடியில் தண்ணீர் ஏறினால்
தூங்குகிறவன் காதில் கத்த வேண்டியது.
எத்தனை தடவை கத்தப் பார்த்ததோ.

இருபத்தாறு நாள் வேலை.
பஸ் பார்சலில் வந்தது ஈயம் பூசிய வயர்.
பேட்டரியைப் பாகம் பிரித்தேன்:
எஞ்சினுக்கு ஒன்று, விளக்கு விசிறிக்கு வேறொன்று.
ராத்திரி ஃப்ரிட்ஜ் குடித்ததற்காகக்
காலையில் எஞ்சின் கிளம்பாமல் நிற்கக் கூடாது.
மெயின் சுவிட்சுக்கு எல்லாமே கட்டுப்பட்டன,
அடித்தண்ணீர் பம்ப்பைத் தவிர.
அது மட்டும் நேரே பேட்டரியில், தனி ஃபியூஸோடு.
எல்லோரும் பூட்டிவிட்டுப் போன பிறகும்
ஒன்று முழித்திருக்க வேண்டும்.

சோதிக்கத் தண்ணீர் வேண்டும்.
போர் வற்றி ஒன்றரை மாதம்.
குடம் பதினைந்து ரூபாய்க்கு வாங்கிப்
படகுக்குள் ஊற்றினேன்.
வெல்டிங் ஜபருல்லா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்:
"கடலுக்குப் போகுமுன்னயே முக்குறியாப்பா?"

ஏழாவது குடத்தில் மிதவை எழுந்தது.
பஸ்ஸர் கத்தியது.
சிட்கோ நாய்கள் மூன்று ஓடிவந்து பதில் கத்தின.
அத்தனை தண்ணீரையும் பம்ப்
புழுதியில் துப்பத் தொடங்க
சுருளி அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.
பாதி கிடைத்தது.

அன்று இரவு இடப்பக்கம் சிவப்பு,
வலப்பக்கம் பச்சை.
நாலுவழிச் சாலையில் ஒரு பஸ் வேகம் குறைத்து
எதற்கு வழிவிடுவது என்று யோசித்தது.

மஞ்சள் வயருக்குச் சீட்டு எழுதினேன்:
"தண்ணி ஏறினா கத்தும்."
பழைய சீட்டையும் கழற்றவில்லை.

படகு போன மறுநாள்
உசிலம்பட்டி டிப்பர் ஒன்று. பின்விளக்கு எரியவில்லை.
ஒற்றைக் கம்பி.
டெஸ்டரும் கையுமாக
இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தேன்,
கொஞ்ச நேரம்.

"என்னண்ணே?"
"ஒண்ணுமில்லடா.
சேசிஸ்ல அந்தத் துருவைச் சுரண்டு."